ஏழாம் எண் மரத்துப் புடவை

அக்டோபர் 6

காலை 7.10 முதல் 8.25 வரை பழங்களை எண்ணினேன். மரங்கள் பதினான்கு. காய்த்தவை பதினொன்று. பழங்கள் 318. சரிபார்க்க இரண்டாம் முறை எண்ணியபோது 316. இடையில் ஒரு சின்னான் குருவி வந்து போனது. 316 என்றே பதிகிறேன்.

பழம் நெல்லிக்காய் அளவு. கடித்தால் காது வரை புளிக்கும். கிராப் ஆப்பிள் என்பது பெயர்; இந்த ஊரில் குட்டி ஆப்பிள் என்கிறார்கள். மனிதர்கள் தின்பதில்லை. கோத்தகிரிக்குப் போகும் வழியில் ஒரு பழைய பங்களாவில் நிற்கும் மரத்திலிருந்து குச்சி வாங்கி வந்து, காட்டு வேர்ச்செடியில் நானே ஒட்டுக் கட்டியவை. ஒட்டுச்செடி மூன்றாம் வருடம் காய்க்கும் என்று படித்திருந்தேன். காய்த்துவிட்டது. இலை உதிர்ந்த பிறகும் பழம் கிளையிலேயே நிற்கும் என்றும், காட்டில் தீனி குறையும் பனிக்காலத்தில் அதைத் தேடி மான் வரும் என்றும் படித்திருந்தேன். வெளிநாட்டில் மானைச் சுடுவதற்காக இந்த மரத்தை நடுகிறார்கள். நான் காட்டுவதற்காக நட்டேன்.

யாருக்குக் காட்ட என்பதும் பதிவாக வேண்டும். மனைவி மங்கையர்க்கரசி (60). அஞ்சல் துறையிலிருந்து ஜூன் மாதம் ஓய்வு பெற்றார். கோவையில் வாடகை வீட்டில் இருக்கிறார். நான் பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்று இந்த மலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது.

1990 மே மாதம், திருமணமான ஒன்பதாம் நாள், மான் காட்டுவதாகச் சொல்லி அவரை முதுமலைக்கு அழைத்துப் போனேன். காட்டுக்குள் போகும் வேன் கிளம்ப இருபது நிமிடம் இருந்தபோது அலுவலகத்திலிருந்து டிரங்க் கால். மலைப்பாதையில் உருளைக்கிழங்கு லாரி கவிழ்ந்திருந்தது. யாருக்கும் காயமில்லை. உருளைக்கிழங்குக்கு மட்டும் சேதம். செய்தி ஒரு பத்தி வந்தது. மறுநாள் மாலை நான் திரும்பியபோது மங்கை விடுதி அறையில் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “மான் இருக்குன்னு நீங்க சொல்றீங்க. நான் நம்பிக்கறேன்” என்றார். இதே வாக்கியத்தை முப்பத்து நான்கு வருடமாக வெவ்வேறு விஷயங்களுக்குப் பயன்படுத்தி வருகிறார்.

பெங்களூரில் இருக்கும் மகள் இளவேனில் (32) அம்மாவைத் தன்னோடு வந்துவிடச் சொல்கிறாள். கோவை வீட்டு வாடகை ஒப்பந்தம் ஜனவரியோடு முடிகிறது. நேற்று மங்கை தொலைபேசியில் சொன்னது அப்படியே: “பொங்கலுக்கு அங்க வர்றேன். ஒரு மான். ஒரே ஒரு மான் காட்டுங்க, அங்கயே இருந்துடறேன். இல்லைன்னா பெங்களூருதான்.” சிரித்துக்கொண்டு சொன்னாரா என்பது தொலைபேசியில் தெரியவில்லை.

மதியம் உப்புமா.

அக்டோபர் 9

கீழ்ப் பக்கத்து நிலத்துக்காரர் போஜன் (63), கேரட் விவசாயி, மரங்களைப் பார்க்க வந்தார். ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் நின்று தலையை ஆட்டினார்.

“சார், ஊர்ல அத்தனை பேரும் கடமானை விரட்ட வழி தேடறோம். நீங்க ஒருத்தர்தான் பத்திரிகை அடிச்சு வெச்சுக் கூப்பிடறீங்க.”

“அது பழத்தைத்தான் தின்னும். உங்கள் கேரட்டைத் தொடாது.”

“அப்படின்னு உங்ககிட்ட எழுதிக் குடுத்துச்சா?”

எழுத்துபூர்வமான உறுதி எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொண்டேன். கேரட் எப்போது எடுப்பார் என்று கேட்டேன். ஜனவரி முதல் வாரம் என்றார். பொங்கலுக்கு முன்பு.

அக்டோபர் 17

குளம்புத் தடம். வேலிக்கு வெளியே, நாற்பது மீட்டரில். நீளம் ஏழு சென்டிமீட்டர். இரண்டாகப் பிளந்தது.

முப்பத்தாறு வருடம் நான் கடைப்பிடித்த விதி, இரண்டு பேர் உறுதி செய்யாமல் எதையும் எழுதுவதில்லை என்பது. போஜனை அழைத்துக் காட்டினேன். “கடமான்தான்” என்றார், இழவு வீட்டில் பேசுவது போல. அவர் மனைவி மாதி அம்மாளும் (57) பார்த்து, “ஆமாங்க சார், கடமான்” என்றார். ஆகவே எழுதுகிறேன்: கடமான்.

அக்டோபர் 25

தடம் வேலிக்கு உள்ளேயே வந்துவிட்டது. ஏழாம் எண் மரத்திலிருந்து பன்னிரண்டு மீட்டர். அந்த மரத்தில்தான் பழம் அதிகம். தாழ்ந்த கிளையில் ஒன்பது பழம் குறைகிறது. வேலியில் அந்த இடைவெளியை நான் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

போஜன் வந்தார். தடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

“இந்த வருஷம் பனி ஜாஸ்தி சார். மரத்துக்குத் துணி கட்டிடுங்க.”

“முதல் வருடம் கன்றாக இருந்தபோது சாக்கு சுற்றினோம். இப்போது மரம் பெரிதாகிவிட்டதே?”

“பெரிசானா பெரிய துணி. சாக்கு வேணாம் சார். புடவைதான் சரி. நீளமா வரும்.”

புதுப் புடவையா, பழையதா என்று கேட்டேன்.

“கட்டிப் பழகின புடவையா இருக்கணும். நிறைய நாள் உடம்புல இருந்ததா.”

“ஏன்?”

போஜன் சற்று யோசித்து, “மெத்துன்னு இருக்கும்” என்றார்.

அனுபவசாலி. குறித்துக்கொண்டேன்.

நவம்பர் 3

மங்கையின் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். இரண்டு வருடத்துக்கு முன்பு, நான் கேட்காமலேயே, கட்டில் ஏற்றிய லாரியில் இதையும் அனுப்பியிருந்தார். சாவி மேலேயே கட்டியிருந்தது.

அனுமதி பற்றி: கேட்கலாம் என்று நினைத்தேன். மரம் பிழைத்தால் மான் வரும். மான் வந்தால் புடவைக்கு உரியவர் வருவார். ஆகவே அனுமதி இதிலேயே அடங்கியிருக்கிறது என்று கொண்டேன்.

பதினான்கு புடவைகள் எடுத்தேன். பதின்மூன்று நூல் புடவைகள். ஒன்று மட்டும் அடியில் வெள்ளைத் துணியில் சுற்றித் தனியாக இருந்தது. மயில்கழுத்து நிறம். சற்றுக் கனம், ஓரம் முழுக்க மஞ்சள் கம்பி ஓடுகிறது. பனிக்கு ஏற்றது என்பதால் முக்கியமான மரமாகிய ஏழாம் எண்ணுக்கு அதைச் சுற்றினேன். முந்தானை கொஞ்சம் தொங்குகிறது.

பெட்டியில் மேலும் இருந்தவை: கம்பளிச் சட்டை இரண்டு, காலுறை நான்கு ஜோடி, வெந்நீர்ப் பை, காதை மூடும் குல்லாய். எல்லாம் புதியவை, விலைச்சீட்டுகூடப் பிரிக்கவில்லை. கோவை வெயிலில் இவற்றுக்கு என்ன வேலை என்று தெரியவில்லை. இருந்த இடத்திலேயே வைத்து மூடினேன்.

நவம்பர் 4

நல்ல காற்று. பதினான்கு புடவைகளும் படபடவென்று அடிக்கின்றன. பார்க்கத் திருவிழா போல இருக்கிறது.

நவம்பர் 20

பதினேழு நாளாகத் தடம் எதுவும் இல்லை.

நேற்றுக் காலை கரடி வந்தது. தோப்புப் பக்கம் போகவில்லை. நேராகச் சமையலறைக்குப் பின்னால் வந்து, நல்லெண்ணெய் டின்னைத் திறந்து குடித்துவிட்டு, மூடியைப் போடாமல் போய்விட்டது. நான் மேசை மேல் நின்று பார்த்தேன். மங்கைக்குத் தொலைபேசினேன்.

“கரடி வந்தது.”

“கரடியா? நான் கேட்டது மான்.”

“கரடியும் காட்டு விலங்குதான்.”

“அப்படிப் பார்த்தா உங்க பழைய எடிட்டரும்தான். மான் வந்தா கூப்பிடுங்க.” சற்று நிறுத்தி, “கரடி போயிடுச்சா? கதவைத் தாழ் போட்டீங்களா? இப்ப எங்க நின்னு பேசறீங்க?” என்றார்.

மேசை மேல் என்று சொல்லவில்லை.

டிசம்பர் 2

போஜன் தானாகவே வந்து ஆறு புடவைகள் கொடுத்தார். மாதி அம்மாளுடையவை. வேலி ஓரமாகவும் நாலு இடத்தில் கட்டுங்கள் என்றார். பனி ஓரத்திலிருந்துதான் உள்ளே வருமாம். இப்படி ஓர் அண்டை வீட்டுக்காரர் கிடைப்பது அரிது.

அவர் கேரட் தோட்டத்தைச் சுற்றிலும் புடவைகள் கட்டியிருப்பதை இன்றுதான் கவனித்தேன். கேரட்டுக்கும் பனி ஆகாது போலும். ஆனால் கேரட் மண்ணுக்குள் அல்லவா இருக்கிறது? கேட்க வேண்டும்.

தடம் இல்லை. உப்புமா.

டிசம்பர் 12

மான் உப்பை விரும்பும் என்று படித்து, ஏழாம் எண் மரத்தடியில் இரண்டு கிலோ கல் உப்பு கொட்டி வைத்திருந்தேன். காலை 6.30 மணிக்கு மூடுபனியில் நான்கு கால்களும் அசையும் காதுகளும் தெரிந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு பதினோரு நிமிடம் நின்றேன். பனி விலகியதும் அது கழுத்து மணியை ஆட்டியது.

போஜனின் பசு. உப்பு தீர்ந்துவிட்டது. பால் இன்று கரிக்கிறதா என்று மாதி அம்மாளிடம் கேட்டதில், அப்படி எதுவும் இல்லை என்று தெரிவித்தார்.

டிசம்பர் 21

மகள் தொலைபேசியில்:

“அப்பா, ஜனவரி பதினெட்டாம் தேதிக்கு அம்மாவுக்கு ரயில் டிக்கெட் போட்டுட்டேன். கோவை சாமான் எல்லாம் அப்படியே இங்க வந்துடும். நீங்களும் அந்தக் குளிர்ல ஒத்தையா இருக்காம வந்துடுங்களேன்.”

“பொங்கலுக்கு இன்னும் இருபத்து நான்கு நாள் இருக்கிறது.”

“மான்தானேப்பா? இங்க பன்னேர்கட்டாவுல நானே கூட்டிட்டுப் போய்க் காட்டிக்கறேன்.”

அங்கே இருப்பது கூண்டுக்குள் இருக்கும் மான். இதைச் சொல்லவில்லை. சரிம்மா என்றேன்.

பழம் எண்ணவில்லை. உப்புமா பாதி.

டிசம்பர் 22

பழம் எண்ணவில்லை.

டிசம்பர் 23

மூன்று நாளாக என்னைத் தோப்பில் காணவில்லையே என்று போஜனும் மாதி அம்மாளும் விசாரிக்க வந்தார்கள். ரயில் டிக்கெட் விவரத்தைச் சொன்னேன். மானுக்கும் மங்கையின் வருகைக்கும் உள்ள தொடர்பை அவர்களிடம் சொன்னது இதுவே முதல் முறை. மாதி அம்மாள் போஜனை ஒரு பார்வை பார்த்தார். போஜன் தன் செருப்பைப் பார்த்தார். காரணம் தெரியவில்லை.

டிசம்பர் 24

காரணம் தெரிந்தது.

காலை 9.15க்கு இருவரும் வந்தார்கள். மாதி அம்மாள் முன்னால். போஜனின் சட்டைக் கை மாதி அம்மாளின் பிடியில்.

“சொல்லுங்க” என்றார் மாதி அம்மாள்.

“நீயே சொல்லேன்” என்றார் போஜன்.

“ரெண்டு மாசமா வாயைத் திறக்காம உக்காந்திருந்தது யாரு? அந்தக்கா வராம போனா நீங்கதான் இவருக்கு தினமும் உப்புமா கிண்டிப் போடணும், பாத்துக்குங்க.”

போஜன் மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே பழுப்பேறிய செய்தித்தாள் நறுக்கு. நான்கு பத்தி அகலம். தலைப்பு: ‘புடவையைக் கண்டால் ஓடுது கடமான்! மலை விவசாயிகளின் புது உத்தி’. 1998 ஆகஸ்ட். கீழே என் பெயர்.

முழுவதும் படித்தேன். காற்றில் துணி அசைவதும் அதிலுள்ள மனித வாசமும் மான், பன்றி போன்றவற்றை மிரட்டுகின்றன. ‘குறிப்பாக, நீண்ட நாள் உடுத்திய புடவைகள் நல்ல பலன் தருகின்றன என்று விவசாயிகள் கூறினர்.’ இரண்டு விவசாயிகளிடம் உறுதி செய்திருந்தேன். செய்தியில் பிழை எதுவும் இல்லை.

“இதைப் படிச்சுட்டுதான் சார் இருபத்தாறு வருஷமா நான் கட்டறேன்” என்றார் போஜன். “நீங்க இங்க குடி வந்தப்போ எவ்வளவு சந்தோஷம் தெரியுமா எனக்கு? எழுதினவரே பக்கத்துல வந்துட்டாருன்னு.”

“அப்படியானால் பனி?”

“பனியும் உண்டு சார்” என்றவர், மாதி அம்மாள் திரும்பியதும், “இந்த மரத்துக்குப் பனி ஒண்ணும் பண்ணாது” என்று முடித்தார். “உங்க பதினாலு புடவை மேல நின்னு காத்ததுல என் ரெண்டு ஏக்கரும் தப்பிச்சுது. இத்தனை வருஷத்துல ஒரு கேரட்கூடப் போகாதது இந்த வருஷம்தான்.”

கோபம் வந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். யார் மீது என்பதில் தெளிவில்லை. நறுக்கில் இருப்பது என் பெயர்.

முடிவானது: போஜன் கேரட்டை ஜனவரி 7, 8 தேதிகளில் எடுத்துவிடுவார். 9ஆம் தேதி நான் புடவைகளை அவிழ்ப்பேன். அதுவரை அவர் கேரட்டுக்கு நான் காவல். மங்கை 13ஆம் தேதி வருகிறார். நான்கு நாள் அவகாசம்.

போகும்போது மாதி அம்மாள் ஒரு தூக்கில் சோறும் அவரைக்காய்க் குழம்பும் வைத்துவிட்டுப் போனார்.

ஜனவரி 9

இருபதில் பத்தொன்பது புடவைகளை அவிழ்த்தேன். மாதி அம்மாளுடையதைத் திருப்பிக் கொடுத்தேன். மற்றவற்றைத் துவைத்துக் காயப்போட்டு மடித்துப் பெட்டியில் வைத்தேன். எந்த வரிசையில் எடுத்தேன் என்பதை நவம்பரில் குறித்து வைக்கவில்லை. தொழில் பிழை.

ஏழாம் எண் மட்டும் மீதி. அதன் முள் போன்ற குட்டைக் கிளைகளில் மஞ்சள் கம்பி மாட்டிக்கொண்டிருக்கிறது. இழுத்தால் கிழியும். பொறுமையாக எடுக்க வேண்டும். நாளை.

பழங்கள் 141.

ஜனவரி 10

மழை. ஏழாம் எண் நாளை.

ஜனவரி 11

மழை. மூடுபனி. ஆனால் வேலிக்கு வெளியே முப்பது மீட்டரில் தடம்! போஜனை அழைத்து உறுதி செய்தேன். இம்முறை அவரும் சிரித்தார்.

ஜனவரி 12

வீட்டைப் பெருக்கினேன், இரண்டு முறை. கட்டிலை ஜன்னல் பக்கமாக நகர்த்தினேன். பிறகு பழைய இடத்துக்கே. பிறகு ஜன்னல் பக்கம். முகச்சவரம். ஏழாம் எண் நினைவுக்கு வந்தபோது இருட்டிவிட்டது.

ஜனவரி 13

மாலை 3.40 பேருந்து 4.25க்கு வந்தது. நான் 2.50 முதல் நின்றிருந்தேன். மங்கை ஒரு பையோடு இறங்கினார். “இளைச்சுட்டீங்க” என்றார். நான்கு கிலோ, இதை உறுதி செய்ய எடை மிஷின் இல்லை.

சமையலறையைப் பார்த்தார். “அஞ்சு கிலோ ரவை இருக்கு. வேற எதுவுமே இல்லை. மூணு வருஷமா என்னதான் சாப்பிட்டீங்க?” பதில் அவர் கையிலேயே இருந்தது.

இரவு ரசமும் அப்பளமும். சாப்பிடும்போது மங்கை சொன்னார்:

“நாளைக்குப் பொங்கலுக்குக் கல்யாணப் பட்டு கட்டிக்கறேன். இங்க கட்டத்தான் அப்பவே அந்தப் பெட்டியில போட்டு அனுப்பினேன். மயில்கழுத்துக் கலர். இந்தக் குளிர்லதான் பட்டு கட்டினா நல்லாயிருக்கும். ஞாபகம் இருக்கா, நல்ல சரிகை?”

மஞ்சள் கம்பி என்று நான் இரண்டு இடத்தில் எழுதியிருப்பது சரிகை என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

“களைப்பா இருக்கு, காலையில எடுத்துக்கறேன்” என்றார். காலை 5.30க்கு எழுந்து, அவர் விழிக்கும் முன் அவிழ்த்து, மடித்து, பெட்டியின் அடியில் வைத்துவிடுவது என்று திட்டம். கடிகாரத்தில் மணி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 14, பொங்கல்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

5.50: ஏணியை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தேன். வெளுக்க ஆரம்பித்திருந்தது. மூடுபனி.

5.52: ஏழாம் எண் மரத்தடியில் ஏதோ அசைந்தது. போஜனின் பசு என்று நினைத்தேன். பசுவுக்கு அவ்வளவு உயரமான கொம்பு கிடையாது.

கடமான். ஆண். தூரம் இருபத்திரண்டு மீட்டர். பழத்தை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் தின்றுகொண்டிருந்தது. புடவை மிரட்டும் என்று எழுதிய அந்த நிருபரின் செய்தியை இது படிக்கவில்லை. அல்லது, இரண்டு மாத மழையில் அந்த ஒரு புடவையின் வாசம் போயிருக்கலாம். இது என் ஊகம், உறுதியானதல்ல.

5.53: இரண்டு வழிகள் இருந்தன. ஏணியோடு போய்ப் புடவையை அவிழ்த்தால் மான் ஓடிவிடும். மங்கையை எழுப்பினால் மானைப் பார்ப்பார், மரத்தையும் பார்ப்பார். பட்டா, மானா?

5.54: ஏணியைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டுப் போய் எழுப்பினேன்.

“என்னங்க, கரடியா?”

“வா.”

பின்கதவருகே நின்றோம். அவர் தோளில் என் கம்பளி. நேரம் பார்க்க நான் மறந்துவிட்டேன்.

“ஏங்க” என்றார் மெதுவாக. “மான்.”

“கடமான். ஆண். வயது ஆறேழு இருக்கும்.”

“எவ்வளவு பெரிசு! மாடு மாதிரி இருக்கு. நான் இவ்வளவு வருஷமா ஆடு மாதிரி நினைச்சுட்டு இருந்தேன்.” என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். “இருக்குன்னு நீங்க சொன்னீங்க.”

இந்த வாக்கியத்தின் மறுபாதியை அவர் சொல்லவில்லை.

இருவர் பார்த்தது. ஆகவே எழுதலாம்.

அப்போது மான் கொம்பைக் கிளையில் தேய்க்க ஆரம்பித்தது. இரண்டு முறை தேய்த்துத் தலையைத் தூக்கியது. கிளை முறிந்தது. கொம்பிலிருந்து ஏதோ நீளமாகத் தொங்கியது. பனி சற்று விலகியது.

“அது கொம்புல என்ன?” என்றார் மங்கை. ஓர் அடி முன்னால் போனார். “ஏங்க. அது என் கல்யாணப் பட்டு.”

நான் ஏணியைப் பார்த்தேன்.

“ஏங்க! அந்த மான் என் கல்யாணப் பட்டைக் கட்டிட்டு இருக்கு!”

கத்தியதில் மான் திரும்பிப் பார்த்தது. ஒரு கொம்பில் முந்தானை, மறு கொம்பில் கொசுவப் பக்கம், நடுவில் சரிகைக் கரை நெற்றியில் படிந்திருந்தது. உண்மையைச் சொன்னால், பொருத்தமாகத்தான் இருந்தது.

“டேய்! நில்லுடா!” என்று மங்கை பாய்ந்தார். கையில் எப்போது கரண்டி வந்தது என்று தெரியவில்லை. மான் ஐந்தரை மீட்டர் பட்டும் பின்னால் பறக்க, வேலி இடைவெளி வழியாக இறங்கிப் போஜனின் காலி கேரட் நிலத்தைத் தாண்டி ஓடியது. போஜன் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். பிரஷ் வாயிலேயே இருக்க, கையெடுத்துக் கும்பிட்டார். என்ன பார்த்தீர்கள் என்று பிறகு கேட்டேன். “பொங்கல் அன்னிக்கு வந்ததாச்சே, சாமிதான்னு நினைச்சேன் சார்” என்றார்.

நவம்பர் 3 முதல் எல்லாவற்றையும் மங்கையிடம் சொன்னேன். நறுக்கு விஷயத்தையும். அவர் எழுந்து சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து விட்டுவிட்டுச் சத்தம் வந்தது. அழுகை என்று நினைத்துக் கதவைத் தள்ளினேன். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைக் கோபமாக்கிக்கொண்டார்.

“மான் காட்டறேன்னீங்க. காட்டிட்டீங்க. அதுக்கு என் பட்டைக் கட்டிவிட்டுத்தான் காட்டணுமா?”

11.20க்கு மகளிடம் தொலைபேசியில் பேசியது என் காதில் விழுந்தது: “டிக்கெட்டை கேன்சல் பண்ணிடு... மான் வந்துச்சு. அது போகட்டும், என் பட்டு போச்சே! அது கிடைக்காம நான் எப்படி வர்றது? ... ஆமா, கிடைச்ச அன்னிக்கே கிளம்பிடறேன்.”

பொங்கல் நன்றாக இருந்தது. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜனவரி 15

காலை 7.20. கீழ்ச் சரிவில் உண்ணிச்செடிப் புதரில் புடவை கிடைத்தது. ஒரு முழம் அளவுக்கு இரண்டு கிழிசல். சேறு. மற்றபடி முழுதாக இருக்கிறது. சரிகைக்குச் சேதமில்லை.

வீட்டை நோக்கிப் பாதி தூரம் வந்துவிட்டேன். ‘கிடைச்ச அன்னிக்கே கிளம்பிடறேன்’ என்பது நினைவுக்கு வந்தது. சிறிது நேரம் நின்றேன். பிறகு கொட்டகைக்குப் போய், ஒட்டுக்கத்தி, மெழுகு, நாடா வைத்திருக்கும் தகரப் பெட்டிக்குள் புடவையைச் சுருட்டி வைத்து மூடினேன்.

“கிடைச்சுதா?” என்று மங்கை கேட்டார்.

“தேடுகிறேன்” என்றேன்.

முப்பத்தாறு வருடத்தில் கையில் கிடைத்த உறுதியான செய்தியை வெளியிடாமல் வைத்தது இதுவே முதல் முறை.

ஜனவரி 18

வனக்காவலர் ஒருவர் இந்த வழியாக வந்தார். மங்கை அவரை நிறுத்திப் புகார் சொன்னார்.

“காட்டுல நூறு மான் இருக்கும்மா. எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?”

“புடவை கட்டியிருக்கும்” என்றார் மங்கை.

அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். தகவல் கிடைத்தால் சொல்வதாகக் கூறிச் சென்றார்.

பெங்களூரு ரயில் இன்று மங்கை இல்லாமல் போயிருக்கும். மங்கை காதை மூடும் குல்லாய் போட்டுக்கொண்டு மாதி அம்மாளிடம் கேரட் வாங்கப் போனார்.

ஜனவரி 26

மாலையில் மூன்று கடமான்கள். அவற்றில் ஒன்று குட்டி. மங்கை எண்ணினார், நான் சரிபார்த்தேன். புடவை எதிலும் இல்லை. “இதுங்க இல்லை, அது வேற ஆளு” என்றார். கடைசிப் பழமும் தீர்ந்தது. பழங்கள் 0.

பிப்ரவரி 4

ஒட்டுக் கட்டும் பருவம். ஏழாம் எண் மரம் முறிந்த இடத்தில் புது ஒட்டு வைக்க வேண்டும். கொட்டகைக்குப் போய்த் தகரப் பெட்டியைத் திறந்தேன்.

புடவை இருந்தது. ஆனால் நான் சுருட்டி வைத்தபடி இல்லை. சேறு இல்லை. நான்காக மடித்து, கரை வெளியே தெரியாமல், வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது. கிழிசல் இரண்டும் அதே நிற நூலில் தைக்கப்பட்டிருந்தன. நடுவில் அந்துருண்டை மூன்று.

கத்தியையும் மெழுகையும் எடுத்துக்கொண்டு, பெட்டியை இருந்தபடியே மூடினேன்.

ஏழாம் எண் மரத்தடியில் மங்கை நாடாவைப் பிடித்துக்கொண்டார். நான் குச்சியைச் சீவி, பிளவில் செருகிக் கட்டினேன். அவர் இறுக்கிச் சுற்றினார். அஞ்சல் மூட்டை கட்டிய கை. என்னைவிட நன்றாக வருகிறது.

“இன்னைக்குத் தேடினீங்களா?” என்றார், நாடாவைப் பார்த்தபடியே.

“தேடினேன்.”

“கிடைக்கலையா?”

“இல்லை.”

“சரி, அவசரமில்லை.” முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினார். “இந்த ஒட்டு எப்ப காய்க்கும்?”

“மூன்று வருடம் ஆகும்.”

“அதுவரைக்கும் கிடைக்காதுங்கறீங்க?”

“இப்போதைக்கு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது” என்றேன்.